ஆலா பார்க்க உப்பளத்துக்கு: மலையகத்திலிருந்து போய்வர ஒரு முழுநாள் வழிகாட்டி

ஆடி பிறந்தால் பண்டாரவளையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் அட்டனிலிருந்தும் வேன் வேனாகக் கதிர்காமத்துக்குச் சனம் இறங்கும். மாணிக்க கங்கையில் குளிப்போம், பூசை பார்ப்போம், செல்லக் கதிர்காமம் போவோம், வரும் வழியில் திஸ்ஸமஹாராமவில் தயிர்ச்சட்டி வாங்கிக்கொண்டு மலையேறி விடுவோம். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேரக்கூடிய பலட்டுபான உப்பளத்தில், அதே மாசத்தில், கைப்பிடிக்குள் அடங்கும் அளவு வெள்ளைப் பறவைகள் வெறும் தரையில் முட்டையிட்டு வெயிலோடு போராடிக்கொண்டிருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் பல வருசம் தெரியாது. தெரிந்த பிறகு ஒரு ஆடியையும் விட்டதில்லை. அந்த நாளை எப்படித் திட்டமிடுவது, என்ன கொண்டு போவது, எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது விலகி வருவது என்று முழுசாக எழுதுகிறேன்.

முதலில் யாரைப் பார்க்கப் போகிறோம் என்பது. தமிழில் ஆலா என்று சொல்வது கடற்காகத்தின் சொந்தக்காரப் பறவை, ஆனால் அதைவிட ஒல்லி, கூரான சிறகு, கவைபோல் பிளந்த வால், நேராகத் தண்ணீருக்குள் விழுந்து மீன் பிடிக்கும். அதில் மிகச் சிறிய இனங்களில் ஒன்று சின்ன ஆலா. நீளம் 22 முதல் 24 சென்டிமீட்டர், எடை அறுபது கிராமுக்குள். முட்டையிடும் காலத்தில் மஞ்சள் அலகு, அதன் நுனி கறுப்பு, தலையில் கறுப்புத் தொப்பி, நெற்றி மட்டும் வெள்ளை. சிங்களத்தில் ஆலாக்களுக்கு முகுது லிஹினியா என்று பெயர். உப்பளத்தில் வேலை செய்பவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் கையை நீட்டிக் காட்டுவார்கள். சின்ன ஆலா பெரும்பாலும் தனி ஜோடியாக இல்லாமல், பல ஜோடிகள் சேர்ந்து கூட்டமாகத்தான் முட்டையிடும். அந்தக் கூட்டத்துக்கு நடுவிலும் ஓரத்திலும் நெடுங்கால் உள்ளான், உப்புக்கொத்தி, ஆட்காட்டி என்று வேறு தரைக்கூட்டுக்காரர்களும் இருப்பார்கள்.

எப்போது போவது

மே மாசத்திலிருந்து ஆகஸ்ட் வரை. அதற்குள் ஜூலையும் ஆகஸ்ட் தொடக்கமும் எனக்குப் பிடித்தவை, காரணம் ஒரே கூட்டத்தில் அடைகாக்கிற பறவையையும், குஞ்சுக்கு மீன் கொண்டுவருகிற பறவையையும், பறக்கப் பழகுகிற இளசையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். ஐரோப்பாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருகிற உள்ளான்கள் அப்போது பெரும்பாலும் இருக்காது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது நல்லது. நவம்பரில் போனால் இருபது வகை சாம்பல் பறவைகள் ஒன்றுபோல நின்று தலையைச் சுற்ற வைக்கும். ஜூலையில் இருப்பது பெரும்பாலும் ஊர்க்காரப் பறவைகள்தான், ஆறேழு பெயர் தெரிந்தால் போதும்.

நமக்கு ஆடிக்காற்றும் சாரலும் அடிக்கிற நேரம் அங்கே கடும் வறட்சி. இதை மனதில் வைத்துத்தான் உடுப்பு எடுக்க வேண்டும். சுவெட்டரோடு வேனில் ஏறுவீர்கள், எட்டு மணிக்கு அங்கே சட்டை முதுகில் ஒட்டும்.

திருவிழாவின் கடைசி நாட்களில், அதுவும் தீர்த்தத்துக்கு முந்தின இரண்டு நாளில், இந்தப் பயணத்தை வைக்காதீர்கள். திஸ்ஸ பக்கமே நகர முடியாது. கொடியேறிய முதல் வாரத்தில் ஒரு வார நாள் பார்த்துப் போனால் சாமியையும் நிம்மதியாகக் கும்பிடலாம், பறவையையும் நிம்மதியாகப் பார்க்கலாம்.

போவதற்கு இரண்டு வாரம் முன்பு

தொலைநோக்கி இல்லாமல் போக வேண்டாம். இதை நான் கண்டிப்பாகச் சொல்வேன், ஏனென்றால் கண்ணால் மட்டும் பார்க்கப் போகிறவர் கடைசியில் கிட்டப் போகத்தான் ஆசைப்படுவார். 8x42 என்று போட்டிருக்கும் ஒன்று போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி. பன்னிரண்டு, பதினாறு என்று பெரிய எண்ணைப் பார்த்து வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். சொந்தமாக வாங்க முடியாவிட்டால் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் காரியம் நடக்கும்.

அதைக் கையில் வைத்துப் பழக நம்ம ஊரிலேயே நல்ல ஆசான் இருக்கிறது. பக்டரிக் கூரையிலும் பழைய பங்களாத் தாழ்வாரத்திலும் மண்கூடு கட்டும் மலைத் தகைவிலானைத்தான் சொல்கிறேன். பறந்துகொண்டே இருக்கும், திடீரென்று திரும்பும். முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பிடித்து, பார்வையை எடுக்காமல் தொலைநோக்கியைக் கண்ணுக்குத் தூக்குங்கள். கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் வானம்தான் கிடைக்கும். நாளுக்குப் பத்து நிமிசம், ஒரு வாரம் இதைச் செய்தவர் ஆலாவைத் தொடர்வதில் சிரமப்பட மாட்டார். அப்புறம் வெலிமடை, நுவரெலியாப் பக்கம் வேலிக்கம்பில் நிமிர்ந்து உட்காரும் கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு. அது ஒரே இடத்தில் நிற்கும், அதை வைத்துக் குவியம் திருப்பிப் பழகுங்கள்.

பாதை

பண்டாரவளையிலிருந்து எல்ல, வெல்லவாய, தனமல்வில, லுணுகம்வெஹெர, திஸ்ஸ. சுமார் நூறு கிலோமீட்டர், விடியலில் வாகனம் குறைவு என்பதால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உப்பளத்தில் ஆறு மணிக்கு நிற்க வேண்டும், ஆகவே இரண்டரைக்குக் கிளம்ப வேண்டும். இராவணா எல்ல அருவிக்குக் கீழே வளைவுகளில் பனிமூட்டம் இருக்கும், ஓட்டுபவர் தூங்காமல் பார்த்துக்கொள்ள ஒருத்தர் முன்சீட்டில் பேசிக்கொண்டே வரவேண்டும். புத்தல வழியாகக் கதிர்காமம் போகிற காட்டுப்பாதை இருட்டில் வேண்டாம். அங்கே யானை நடுரோட்டில் நின்று வாகனத்தை மறிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நுவரெலியா, தலவாக்கலை, அட்டன் பக்கத்தவர்கள் ஒரே நாளில் போய் வருவது உடம்புக்கு ஆகாது. முதல் நாள் மாலை கதிர்காமத்தில் தங்குங்கள். விடியற்காலை நாலே முக்காலுக்கு அங்கிருந்து புறப்பட்டால் சரியாக இருக்கும்.

திஸ்ஸவிலிருந்து கிரிந்தை ரோட்டில் வந்து, யால பூங்காவின் பலட்டுபான வாசலுக்குப் போகும் ரோட்டில் திரும்பினால், பூங்கா வருவதற்கு முன்பே பாத்தி பாத்தியாக உப்பளம் தெரியும். அதே நேரம் யாலவுக்குச் சிறுத்தை பார்க்கப் போகும் ஜீப்புகள் புழுதி பறக்க ஓடிக்கொண்டிருக்கும். அவர்களை விட்டுவிட்டு ரோட்டோரம் ஒதுங்குங்கள். ரோட்டிலிருந்தே நிறையத் தெரியும். உப்பளம் வேலை நடக்கிற இடம். வரப்புக்குள் போவதென்றால் வாசலில் கேட்டு, சரி என்றால்தான் போக வேண்டும். வேண்டாம் என்றால் ரோடே போதும். வேனுக்குள் இருந்தபடியே பார்ப்பது இன்னும் நல்லது, பறவைகள் வாகனத்துக்குப் பழகியிருக்கும், மனித உருவத்துக்குத்தான் பயப்படும்.

பையில் என்ன

அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, மண் நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ. ஆளுக்கு மூன்று லீட்டர் தண்ணீர். ஒரு போத்தலில் உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணி, இது நம்ம ஆட்களுக்கு முக்கியம், குளிரில் வாழ்கிற உடம்புக்கு அந்த வெயில் இரண்டு மணி நேரத்தில் தலைவலி கொடுத்துவிடும். ரொட்டியும் சம்பலும், பிளாஸ்கில் பிளேன்டீ. சின்னக் கொப்பி, பென்சில். குப்பைக்கு ஒரு பை. அந்தக் குப்பைப் பைக்கு மற்ற எல்லாவற்றையும் விட முக்கியத்துவம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

எங்கே நிற்பது

இதைச் சொல்வதற்கு முன் எனக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். முதல் தடவை போனபோது எனக்கு இருபத்தி இரண்டு வயது. கதிர்காமம் போய்விட்டுக் கடல் பார்க்கப் போனோம், வழியில் உப்பளத்து வரப்பில் இறங்கி நடந்தேன். தலைக்கு மேல் வெள்ளைப் பறவைகள் கத்திக்கொண்டு சுற்றின, ஒன்று காதுக்குப் பக்கத்தில் உரசுவதுபோல் இறங்கி ஏறியது. அழகாக இருக்கிறது என்று நினைத்து, போனைத் தூக்கிப் பிடித்தபடி கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். உப்பு வாருகிற கட்டையோடு தூரத்தில் நின்ற ஒரு பெரியவர் "மல்லி, பித்தர! பித்தர!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். தம்பி, முட்டை என்கிறார். குனிந்து பார்த்தேன். என் சப்பாத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டு முட்டை. பெரிய நெல்லிக்காய் அளவு, மண் நிறம், மேலே காப்பிப்பொடி தூவியதுபோல் புள்ளி. கூடு என்று எதுவும் இல்லை; உள்ளங்கைக் குழி அளவு ஒரு பள்ளம், ஓரத்தில் உடைந்த சிப்பித் துண்டு நாலைந்து. அவர் என் கையைப் பிடித்து வந்த வழியிலேயே திருப்பிக் கூட்டிப்போனார், பிறகு தன் கையை விரித்து முட்டை இருக்கும் பக்கம் நிழல்போல் கவிழ்த்துக் காட்டினார். வெயில், என்று சொன்னார். அப்போது நேரம் பதினொன்று.

அந்தக் கையசைவில்தான் எல்லாமே இருந்தது, எனக்கு விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது. நம்ம வீட்டுக் கோழி அடை உட்காருவது முட்டைக்குச் சூடு கொடுக்க. உப்பளத்து ஆலா நடுப்பகலில் உட்காருவது முட்டைக்கு நிழல் கொடுக்க. அந்த மண்ணும் உப்பும் வெயிலை வாங்கி அடுப்புக்கல்போல் கொதிக்கும். தாய்ப்பறவை பத்து இருபது நிமிசம் மேலே சுற்றிக்கொண்டிருந்தால் முட்டைக்குள் இருக்கும் உயிர் வெந்துபோகலாம். நீங்கள் ஒரு முட்டையையும் மிதிக்கவில்லை, ஒரு கல்லையும் எறியவில்லை, சும்மா நின்றீர்கள். அது போதும் ஒரு கூட்டத்தின் அந்த வருசத்து முட்டைகளைக் கெடுக்க. மேலே கத்திச் சுற்றும் பறவை நமக்காகப் பறந்து காட்டவில்லை, போ என்கிறது.

ஆகவே தூரத்துக்கு என் கணக்கு இதுதான்: பறவை எழும்பாத இடமே சரியான இடம். சில நாள் அது அறுபது மீட்டராக இருக்கும், சில நாள் நூற்றைம்பது. வந்து நின்றதும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பறவைகளைப் பாருங்கள். கழுத்தை நீட்டி நிமிர்ந்தால் அது முதல் அறிகுறி, இரண்டு எட்டு பின்னால் வாருங்கள். எழும்பிவிட்டால் பேசாமல் திரும்பி நடங்கள், உடனே. ஐந்து நிமிசத்தில் எல்லாம் திரும்ப உட்கார்ந்துவிட்டதா என்று தூரத்திலிருந்து பார்த்து உறுதி செய்யுங்கள். ட்ரோன் பறக்கவிடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மேலிருந்து வரும் எதுவும் அவற்றுக்குப் பருந்துதான்.

ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை

இந்த மூன்று மணி நேரம்தான் பயணத்தின் சாரம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நில்லுங்கள். ஒன்பதுக்குப் பிறகு உப்பின் மேல் கானல் ஆடத் தொடங்கும், நூறு ரூபாய்த் தொலைநோக்கியோ லட்ச ரூபாய்த் தொலைநோக்கியோ எல்லாமே அசையும் படம்தான் காட்டும்.

முதலில் எண்ணுங்கள். பறக்கிறதை எண்ணாதீர்கள், ஒரே பறவையை மூன்று முறை எண்ணிவிடுவீர்கள். தரையில் ஒரே இடத்தில், காற்றுக்கு முகம் காட்டி, சிறகு நுனியும் வாலும் மேலே தூக்கி, வயிறு தரையில் பட உட்கார்ந்திருப்பதை எண்ணுங்கள். அதுதான் அடைகாக்கிறது. சும்மா ஓய்வெடுக்கும் பறவை காலில் நிற்கும்.

அடுத்தது மீனைப் பின்தொடருங்கள். கூட்டுக்குப் போகாமலே கூட்டைக் கண்டுபிடிக்கும் வித்தை இதுதான். ஆலா தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், தலையைக் குனிந்து பார்க்கும், சட்டென்று விழும். எழும்பும்போது அலகில் விரல் நீள வெள்ளி மீன் இருக்கும். உடனே விழுங்கினால் அது தன் பசிக்கு. விழுங்காமல் அலகில் குறுக்கே பிடித்துக்கொண்டு நேராகப் பறந்தால் பார்வையை எடுக்காதீர்கள். ஒன்று குஞ்சுக்கு, இல்லாவிட்டால் துணைக்கு. ஜோடி சேரும் நேரத்தில் ஆண் மீனோடு பெண்ணின் முன்னால் இறங்கும். தலையை நிமிர்த்தி, சிறகைச் சற்றுத் தொங்கவிட்டு, அங்கும் இங்கும் நடந்து, மீனைக் கொடுக்கிற மாதிரி நீட்டும். பெண் சில நேரம் வாங்கும், சில நேரம் முகத்தைத் திருப்பும். ஒரு ஜூலையில் ஒரு ஆண் அதே மீனை நாலு முறை நீட்டியதை நான் பார்த்தேன், நாலாவது முறைதான் அது வாங்கி விழுங்கியது. அந்த மீன் அதற்குள் காய்ந்துகூடப் போயிருக்கும்.

இரண்டு முட்டை, சில நேரம் மூன்று. தாயும் தகப்பனும் மாறி மாறி மூன்று வாரம் உட்காரும். பொரித்த குஞ்சு ஓரிரு நாளில் பள்ளத்தை விட்டு நகர்ந்து, ஒரு உப்புக்கட்டி நிழலிலோ செடி அடியிலோ பதுங்கிக்கொள்ளும், இன்னும் மூன்று வாரம் மீன் ஊட்ட வேண்டும். காகம் மேலே வந்தால் பெரியவை ஒரு சத்தம் கொடுக்கும், அத்தனை குஞ்சும் அப்படியே தரையோடு படிந்துவிடும். கண் முன்னால் இருந்தது காணாமல் போகும்.

இப்போது வரப்பின் ஓரத்தைப் பாருங்கள். கடுகுபோல் ஒன்று ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். உப்புக்கொத்தி. பெயரே இந்த இடத்துக்காக வைத்த மாதிரி. இங்கே முட்டையிடும் உப்புக்கொத்திக்கு இப்போது அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். நீண்ட காலம் இதை வெளிநாட்டிலிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் உள்வகை என்றே வைத்திருந்தார்கள். மரபணுவையும் உடல் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்து 2023ல் தனி இனம் என்றார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டும் நிலையாக வாழ்வது, இரண்டுக்கும் நடுவில் ராமர் பாலம், அதனால் அனுமன் பெயர். றம்பொடையில் அனுமார் கோயிலும் சீதா எலியவில் அம்மன் கோயிலும் வைத்திருக்கிற நமக்கு இதைவிட நெருக்கமான பெயருள்ள பறவை வேறு எது? பார்த்ததும் எனக்கு ஒரு பாசம் வரும், மறைக்க மாட்டேன்.

அடையாளம்: மேல் பக்கம் காய்ந்த மணல் நிறம், வயிறு வெள்ளை, மார்பின் இரண்டு ஓரத்திலும் சின்னத் திட்டு, நடுவில் சேராது, கால் சாம்பல். பக்கத்திலேயே கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் முழு மார்புப் பட்டையும் உள்ள ஒன்று ஓடினால் அது சின்ன உப்புக்கொத்தி, வேறு இனம். இந்தக் கூட்டத்துப் பறவைகள் வெயிலைச் சமாளிக்கிற விதத்தைக் கவனியுங்கள். தண்ணீர் ஓரம் போய் வயிற்றை அமுக்கி நனைத்துக்கொண்டு, ஈர வயிறோடு ஓடிவந்து முட்டையின் மேல் உட்காரும். உப்புக்கொத்தியும் செய்யும், நெடுங்கால் உள்ளானும் செய்யும். அந்த உள்ளானின் குச்சிக்கால்கள் ரோஸ் நிறம், மடக்கி உட்காருவதற்கே அதற்கு ஒரு நிமிசம் பிடிக்கும். முட்டை நான்கு, கூர்முனை உள்ளே பார்த்தபடி இருக்கும்.

உப்புக்கொத்தி உங்கள் முன்னால் சிறகை இழுத்துக்கொண்டு, உடைந்துவிட்டதுபோல் நொண்டி நொண்டி ஓடினால் பாவம் என்று பின்னால் போகாதீர்கள். சிறகுக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் அதன் குஞ்சுக்குக் கிட்டே நிற்கிறீர்கள், உங்களை வேறு பக்கம் இழுத்துப் போகப் பார்க்கிறது. நின்ற இடத்தில் நின்று, காலடியைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

ஆட்காட்டியைத் தனியாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை, அதுவே சொல்லிக்கொள்ளும். அது கத்தத் தொடங்கினால் மொத்த உப்பளமும் உங்களைப் பார்க்கும்.

சின்ன ஆலாவுக்கு ஒரு இரட்டைச் சகோதரன்போல் சாண்டர்ஸ் ஆலா என்று ஒன்று இருக்கிறது. சின்ன ஆலாவின் வெள்ளை நெற்றி கண்ணுக்கு மேலே பின்னால் வரை ஒரு கோடாக நீளும். சாண்டர்ஸில் அது கண்ணோடு நின்று சதுரமாகத் தெரியும், காலும் மங்கலாக இருக்கும், சிறகு ஓரக் கறுப்பு அகலமாக இருக்கும். கானலில் இதை எல்லாம் பிரித்தறிவது பெரியவர்களுக்கே கஷ்டம். சந்தேகம் என்றால் கொப்பியில் "சின்ன ஆலா அல்லது சாண்டர்ஸ்" என்றே எழுதுங்கள். அப்படி எழுதுவது நேர்மையான பதிவு.

கொப்பியில் என்ன எழுத வேண்டும் என்றால்: திகதி, நேரம், காற்று, உட்கார்ந்த பறவை எத்தனை, மீன் கொண்டுபோனது எத்தனை, பறக்கப் பழகும் இளசு எத்தனை, காகமோ நாயோ வந்ததா. மூன்று வருசம் இதே இடத்தில் இதே வாரத்தில் எழுதினால் அந்தக் கொப்பிக்கு ஒரு மதிப்பு வந்துவிடும். ஈபேர்ட் போன்ற பறவைப் பதிவுச் செயலியில் பதிந்தால் நல்லது, கூட்டின் சரியான இடத்தை மட்டும் படத்திலோ வரைபடத்திலோ காட்டாதீர்கள்.

ஒன்பதுக்குப் பிறகு

விலகிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று மனம் சொல்லும். அந்த நேரத்துக்கு மேல் ஒவ்வொரு தடவை பறவை எழும்புவதும் முட்டைக்கு ஆபத்து, உங்களுக்கும் தெளிவாக எதுவும் தெரியப்போவதில்லை.

கிரிந்தைக்குப் போங்கள். பாறைமேல் விகாரை, கீழே கடல். ஜூலையில் அங்கே அலை வெறிபிடித்து அடிக்கும், குளிக்க இறங்காதீர்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பாறைகளிலும் மணல் முனையிலும் பெரிய கொண்டை ஆலாக்கள் ஓய்வெடுப்பதைப் பார்க்கலாம். காகத்தைவிடப் பெரிதாகத் தெரியும், நீண்ட மஞ்சள் அலகு, பின்தலையில் கலைந்த கறுப்பு முடி. மன்னாருக்கு அப்பால் ஆதாம் பாலத்து மணல் திட்டுகளில்தான் ஆலாக்களின் பெரிய கூட்டங்கள் முட்டையிடுகின்றன. 2015ல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அனுமதியில்லாமல் அங்கே இறங்க முடியாது, இறங்கவும் கூடாது.

மதியத்துக்குத் திஸ்ஸ குளக்கரை. பெரிய மரங்களின் நிழலில் சாப்பாட்டை விரித்து, படுத்தபடியே செந்நாரையையும் நீலத் தாழைக்கோழியையும் இலைக்கோழியையும் பார்க்கலாம். தூக்கம் வந்தால் தூங்குங்கள், இரண்டரைக்கு எழும்பியவர்கள்.

இங்கேதான் அந்தக் குப்பைப் பை. கதிர்காமம் போகிற நாம் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை ரோட்டோரம் போடுவது வழக்கமாகிவிட்டது. காகத்துக்குப் போட்டோம், நாய்க்குப் போட்டோம் என்று அதில் ஒரு புண்ணியமும் நினைக்கிறோம். அந்தச் சோறு உப்பளம் பக்கம் விழுந்தால் காகம் வரும், நாய் வரும், பின்னால் கீரி வரும். சோறு தீர்ந்ததும் அவை போய்விடாது, அடுத்த சாப்பாடு தரையில் திறந்து கிடக்கிறது. ஒரே ஒரு நாய் ஒரு இரவில் ஒரு கூட்டத்தையே துடைத்துவிடும். ஒரு பருக்கை விடாமல் திரும்பக் கொண்டு வாருங்கள். கூட வருகிற அப்பாயியிடம், மாமாவிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். முட்டைக் கதையைச் சொன்னால் ஒருத்தரும் மறுக்க மாட்டார்கள், என் அனுபவம் அது. என் பெரியம்மா போன ஆடியில் வேறு வேன்காரர்கள் போட்ட பார்சலையும் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

முட்டையை யாராவது எடுக்கப் பார்த்தால் அது வேடிக்கை இல்லை, குற்றம். 1937ஆம் ஆண்டிலிருந்து விலங்குகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சண்டை பிடிக்காமல், உப்பள ஆட்களிடமோ வனஜீவராசிகள் திணைக்கள அதிகாரிகளிடமோ சொல்லுங்கள்.

நேரமும் காசும் கூட இருந்தால் புந்தலைக்கு ஒரு அரை நாள். 1990ல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலம் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது) ஆனது, 1993ல் தேசியப் பூங்கா. உள்ளே ஜீப்பில்தான் போக வேண்டும், நினைத்த இடத்தில் இறங்க முடியாது. கூட்டுக் காலத்தில் அது நல்ல ஏற்பாடுதான். களப்பு ஓரம் கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன், சேற்றில் முதலை என்று ஒரே நாளில் கண் நிறையும். ஆனாலும் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் பலட்டுபானவையே சொல்வேன். ஒரே கூட்டத்தை மூன்று மணி நேரம் அசையாமல் பார்ப்பது, ஜீப்பில் இருபது இடம் ஓடுவதைவிட அதிகம் கற்றுத்தரும்.

மாலை நாலரைக்குத் திரும்பவும் உப்பளத்து ரோடு. இந்த முறை மேற்கில் சூரியன், ஆகவே காலையில் நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். ரோட்டை விட்டு இறங்க வேண்டாம், அரை மணி நேரம் போதும். காலையில் குறித்த எண்ணிக்கையைச் சரிபாருங்கள். காலையில் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போதும் ஒன்று உட்கார்ந்திருந்தால், நீங்கள் வந்துபோனதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இந்தச் சரிபார்ப்பு இல்லாமல் வண்டியில் ஏற மனம் வராது.

கடைசியாகப் போன ஆடியில் வரப்பு மூலையில், ஒரு சிவப்புச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றைக் காலை ஆறரைக்குக் குறித்திருந்தேன். மாலை ஐந்துக்குப் பார்த்தபோது அதே இடத்தில் அதே காற்றுக்கு முகம் காட்டி உட்கார்ந்திருந்தது. இன்னொன்று மீனோடு இறங்கியது, உட்கார்ந்திருந்தது மீனை வாங்கிக்கொண்டு எழும்பியது, வந்தது இரண்டு எட்டு நடந்து, கால்களால் முட்டையை மெல்லத் தள்ளிச் சரிசெய்து, வயிற்றை அசைத்து அசைத்து அமர்ந்தது. கொப்பியில் "5.04, ஆள் மாறியது" என்று எழுதிவிட்டு வேனில் ஏறினேன். ஏழு மணிப் பூசைக்குக் கதிர்காமம் போய்ச்சேர்ந்துவிட்டோம்.